ரெட்ரீவர் குட்டி வீட்டுக்கு வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் குட்டி வாங்கப் போகிறவர்களும், வாங்கிய முதல் வாரத்திலேயே தூக்கம் தொலைத்தவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. நம் ஊர் வெயிலையும், பாட்டி தாத்தாவும் குழந்தைகளும் சேர்ந்திருக்கும் வீடுகளையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

லேப் வாங்கலாமா, கோல்டனா?

குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, முடியில்தான். லேப்புக்குக் குட்டை முடி. ஆனால் வருடம் முழுக்கக் கொட்டும். கோல்டனுக்கு நீள முடி. தினமும் சீவ வேண்டும், உண்ணி உள்ளே புகுந்துகொண்டால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். சீவ நேரம் இல்லை என்றால் லேப் வாங்குங்கள்.

இரண்டுமே குளிர்ந்த தண்ணீரில் வேலை செய்ய உருவானவை. லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு திரிந்த நாய்கள். பிரிட்டனுக்குப் போன பிறகுதான் அது தனி இனமாக உருப்பெற்றது. கோல்டன் 1860களில் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ட்வீட்மவுத் பிரபுவின் பண்ணையில் தொடங்கியது. இரண்டுக்கும் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. காற்றே வராத மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கட்டிப்போடத்தான் இடம் இருக்கிறது என்றால், தயவுசெய்து இந்த இனம் வேண்டாம். தோப்புக்குக் காவல் வேண்டுமா? ராஜபாளையம், கோம்பை என்று நம் மண்ணின் நாய்கள் இருக்கின்றன. லேப் பெரும்பாலும் புது ஆளையும் வாலாட்டித்தான் வரவேற்கும்.

இந்த இனத்துக்கு என்று தனிக் குணம் ஏதாவது உண்டா?

உண்டு. அதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். வேட்டைக்காரர் சுட்ட வாத்து ஏரியில் விழும். நாய் நீந்திப் போய், பல் படாமல் அதைக் கவ்வி வந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்காகவே பொறுக்கி வளர்த்தார்கள். ரெட்ரீவர் என்றாலே 'எடுத்து வருவது' என்றுதான் பொருள். அதனால் இரண்டு விஷயங்கள் இதன் ரத்தத்தில் ஊறிப்போயின. ஒன்று, வாயில் எப்போதும் ஏதாவது வேண்டும். இன்னொன்று, பக்கத்தில் மனிதர் வேண்டும். செருப்பைத் தூக்குவது, கையைக் கவ்வுவது, தனியே விட்டால் ஓலமிடுவது என்று நாம் குறைசொல்லும் எல்லாமே இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன. அடித்து இதை மாற்ற முடியாது. அந்த வாய்க்கும் மனசுக்கும் வேலை கொடுக்கலாம். பயிற்சி என்று நான் சொல்வது அதைத்தான்.

'35 நாள் குட்டி' என்று விளம்பரம் போடுகிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். 8 வாரம் முடியாத குட்டியை விற்பதே 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளுக்கு எதிரானது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. கொஞ்சம் அழுத்தினால் மற்ற குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடம் கிடைக்காமல், 35 நாளில் வந்த குட்டிக்கு அதை உங்கள் கையை வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

நேரில் போங்கள், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். 'தாய் வேறு இடத்தில் இருக்கிறது' என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டுக் குறைபாடு இந்த இனங்களில் பரம்பரையாக வரும். சென்னையில் தலைமையகம் உள்ள கெனல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. அது இருந்தாலும் எக்ஸ்ரே பற்றிக் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆசைக்கு வாங்கி, வளர்ந்ததும் கைவிட்ட லேப்கள் காப்பகங்களுக்கு நிறையவே வருகின்றன. இரண்டு மூன்று வயது நாயை எடுத்து வளர்ப்பது குட்டியை வளர்ப்பதைவிட எளிது. குட்டிதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லாதவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

முதல் நாள் இரவு முழுக்க அழுகிறது. கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா?

வேண்டாம். நேற்று வரை தாயின் வயிற்றோடும் ஆறேழு குட்டிகளின் சூட்டோடும் தூங்கியது அது. இன்று புது வீட்டில் தனியாக, டைல்ஸ் தரையில். அழாமல் என்ன செய்யும்?

காலையிலேயே அழைத்து வந்துவிடுங்கள். இரவுக்குள் வீட்டின் வாசனை கொஞ்சம் பழகியிருக்கும். தாயின் கீழே கிடந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். முதல் சில வாரம் குட்டியின் கூண்டோ அட்டைப்பெட்டியோ உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அழுதால் கையைத் தொங்கவிட்டாலே போதும், மோந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடும். 'இப்படிச் செய்தால் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போகும்' என்பார்கள். கெடாது. பயம் போன குட்டியைத்தான் மெல்ல மெல்ல ஹாலுக்கு நகர்த்த முடியும். முதல் வாரம், குட்டியை வளர்த்து விற்ற பிரீடர் கொடுத்துவந்த அதே உணவையே கொடுங்கள். இடமும் சாப்பாடும் ஒரே நாளில் மாறினால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

வீடெல்லாம் மூத்திரம். எப்போது கற்றுக்கொள்ளும்?

நீங்கள் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம். இரண்டு மாதக் குட்டியால் விழித்திருக்கும்போது ஒரு மணி நேரம் அடக்குவதே அதிகம். அதற்குப் போக வேண்டிய நேரங்கள் நான்கு: தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்து பதினைந்து நிமிடத்தில், விளையாட்டின் நடுவில், இரவு படுக்கும்முன். இந்த நான்கு நேரமும் நீங்களே தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போங்கள். நடத்திக் கூட்டிப்போனால் வழியிலேயே மூத்திரம் இருந்துவிடும்.

அங்கே போய் விளையாட்டுக் காட்டாதீர்கள், பேசாதீர்கள், சும்மா நில்லுங்கள். குட்டி தரையை மோந்துகொண்டே சின்ன வட்டம் அடிக்கும், அப்புறம் உட்காரும். பாதியில் பாராட்டினால் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும். மீதி வீட்டுக்குள் வந்து முடியும். எனவே முழுக்க முடியட்டும். முடிந்த கணமே 'சமத்து' என்று சொல்லி ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் குட்டி நினைக்கும்.

மூன்றாவது மாடி ஃபிளாட் என்றால், தடுப்பூசி முடியும்வரை பால்கனியில் ஒரு தட்டில் புல்தரையோ செய்தித்தாளோ வையுங்கள். இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

வீட்டுக்குள் மூத்திரம் இருந்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது பழைய பழக்கம், கொடுமையான பழக்கமும்கூட. அதிலிருந்து குட்டி கற்பது ஒன்றுதான்: இவர் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போய் இருக்க வேண்டும். பேசாமல் துடைத்துவிடுங்கள். ஃபினாயில் மேல்வாசனையை மறைக்குமே தவிர நாய் மூக்கை ஏமாற்றாது. அந்த இடத்துக்கே திரும்ப வரும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம் வாசனையை வேரோடு எடுக்கும். ஃபினாயில் போட்டே ஆக வேண்டும் என்றால் தரை நன்றாகக் காயும்வரை குட்டியை விடாதீர்கள், பாதத்தை நக்கி அது வயிற்றுக்குள் போகும்.

கை, கால், புடவைத் தலைப்பு, எதையும் விடாமல் கடிக்கிறது. மூர்க்கமான நாயாகிவிடுமோ?

ஆகாது. அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். குட்டி உலகத்தைத் தெரிந்துகொள்வது வாயால். ரெட்ரீவருக்கு அது இரண்டு மடங்கு. மூன்றரை, நான்கு மாதத்தில் பால்பற்கள் 28-ம் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். அந்தச் சமயம் ஈறு குடைச்சல் வேறு.

கையைக் கவ்வினால் கையை உதறி இழுக்காதீர்கள். ஓடுகிற பொருளைத் துரத்துவது அதற்கு விளையாட்டு. கையை அசையாமல் விடுங்கள், இன்னொரு கையால் கடிக்கலாம் என்ற பொருளை வாய்க்கு எதிரே கொண்டுவாருங்கள். மாறிக் கவ்வியதும் பாராட்டுங்கள். மறுபடி கைக்கே வந்தால் எழுந்து அரை நிமிடம் அறையைவிட்டுப் போய்விடுங்கள். கத்த வேண்டாம். பல் பட்டால் விளையாட்டு நின்றுவிடும் என்ற கணக்கு சில வாரத்தில் அதற்குப் புரியும். வீட்டில் எல்லோரும் இதையே செய்தால்தான் புரியும். அண்ணன் கையைக் கொடுத்துக் கடிக்கவிட்டு விளையாடுவான், தங்கை கடித்தால் அழுவாள் என்றால் குட்டி என்ன செய்யும்?

பல் குடைச்சலுக்குப் பருத்தித் துண்டை முறுக்கி நனைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். கேரட்டும் கொடுக்கலாம். வேகவைத்த எலும்பு எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று: சாயங்காலம் ஏழு எட்டு மணிக்குப் பேய் பிடித்தது போல் ஓடிக் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் தூக்கிக் கொஞ்சினால் எப்படித் தூங்கும்? கூண்டில் போர்வையைப் போட்டு இருட்டாக்கி விடுங்கள், பத்து நிமிடத்தில் குறட்டை கேட்கும்.

தடுப்பூசி எப்போது, என்னென்ன?

6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி. அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை. பார்வோ, டிஸ்டம்பர், எலிக்காய்ச்சல் என்ற நோய்களுக்கான தடுப்பெல்லாம் இதில் அடங்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில், பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், அப்புறம் வருடந்தோறும். முன்பே பிரீடர் போட்டார் என்றால் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்; மருந்துச் சீட்டு ஒட்டி, மருத்துவர் கையெழுத்திட்ட அட்டை வேண்டும்.

இவ்வளவு ஊசி எதற்கு என்று சலிக்காதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை முறியடித்துவிடலாம், அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் விட்டு விட்டுப் போடுகிறார்கள். பார்வோ கிருமி மண்ணில் ஒரு வருடம்கூட உயிரோடிருக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். குட்டி சாப்பிடாமல் சுருண்டு படுத்து, வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து நாற்றத்தோடு வெளியே போனால் காலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஓடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல்லில் அங்குள்ள கல்லூரி மருத்துவமனை என்று அரசு இடங்களிலும் நல்ல சிகிச்சை கிடைக்கும். உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று குட்டி வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப் பூச்சிக்கான மருந்து 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது, டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

ஊசி முடியும்வரை வெளியே விடக் கூடாது என்கிறார்கள். சின்ன வயதிலேயே எல்லாம் பழக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. கால் தெருத் தரையில் படக் கூடாது, கண்ணும் காதும் உலகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் புதியதைப் பயமில்லாமல் ஏற்கும். அந்தக் கதவு மூடிய பிறகு பழக்குவது பெரும்பாடு. ஆகவே மடியில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போங்கள். பஸ் ஹாரன், ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், தாடிக்காரர், குடை விரிப்பவர், தாங்குகட்டையோடு நடப்பவர், தூரத்தில் கேட்கும் மேளம். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வாயில் ஒரு துண்டு தீனி. மிரண்டால் தூரம் போங்கள், கிட்டே இழுக்காதீர்கள்.

வீட்டுக்குள் குக்கர் விசில், மிக்ஸி இரண்டுக்கும் தனியாகப் பழக்க வேண்டும். விசில் வரும் நேரம் குட்டியின் சாப்பாட்டு நேரமாக இருந்தால் ஒரே வாரத்தில் விசிலுக்கு வாலாட்டும்.

எங்கள் வீடு சைவம். தயிர்சாதம் மட்டும் போதுமா?

போதாது. நாய்க்குச் சோறு செரிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாதம் மூன்று நான்கு கிலோ கூடும் குட்டிக்குப் புரதம் நிறைய வேண்டும். வீட்டில் இறைச்சி சமைக்க முடியாது என்றால் பெரிய இனக் குட்டிகளுக்கு என்றே வரும் பாக்கெட் உணவைக் கொடுத்துவிடுங்கள். கால்சியமும் பாஸ்பரஸும் சரியான கணக்கில் இருக்கும். தயிரும் கொஞ்சம் சோறும் மேலே சேர்க்கலாம். முட்டை வேகவைக்க வீட்டில் சம்மதம் என்றால் நல்லது. மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு.

கால்சியம் சிரப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 'எலும்பு பலமாகும்' என்று கடைக்காரர் கொடுப்பார். சரிவிகித உணவு சாப்பிடும் பெரிய இனக் குட்டிக்கு மேலே மேலே கால்சியம் கொடுத்தால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் எல்லாம் விஷம். சாம்பார் ஊற்றிய சோற்றிலும் வெங்காயம் உண்டு. பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் அரளி இருந்தால் வேலி போடுங்கள்.

சாப்பிட்டு முடித்த உடனே பசிப்பது போல் பார்க்கிறதே?

லேப் என்றால் உண்மையிலேயே பசிக்கலாம். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருப்பது தெரிந்தது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பாட்டில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆக, அந்தப் பார்வை நடிப்பு அல்ல. ஆனாலும் அளந்துதான் போட வேண்டும். 2002-ல் வெளியான இன்னொரு ஆய்வில், கால் பங்கு குறைத்துச் சாப்பிட்ட லேப்கள் கூடப் பிறந்தவற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. அதுதான் சரியான எடை.

பாட்டி யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் கொடுக்கிறார். எப்படித் தடுப்பது?

தடுக்க வேண்டாம், பாட்டியைப் பயிற்சியாளராக்கிவிடுங்கள். காலையில் அன்றைய உணவில் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு, 'பாட்டி, உட்கார்ந்தால் மட்டும் ஒன்று கொடுங்கள்' என்று கொடுத்துவிடுங்கள். சர்க்கரையும் மைதாவும் உள்ளே போகாது, பாட்டிக்கும் குட்டிக்கும் உறவு நிற்கும். வீட்டிலேயே குட்டி நன்றாக உட்காருவது பாட்டி முன்னால்தான் என்றாகிவிடும்.

என்னென்ன சொல்லித்தர வேண்டும்? தமிழிலா, ஆங்கிலத்திலா?

எதில் வேண்டுமானாலும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் சரி. முதல் மாதத்தில் நான்கு போதும்: பெயர், 'வா', 'உட்கார்', 'விடு'. ஒரு பாடம் மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, சாப்பாட்டுக்கு முன்னால்.

'உட்கார்' எளிது. தீனியை மூக்குக்கு மேலே வைத்துப் பின்பக்கமாகக் கொண்டுபோனால் தலை தூக்கும், பின்பக்கம் தானாக இறங்கும். தரையில் பட்டதும் கொடுங்கள். இடுப்பைப் பிடித்து அழுத்தாதீர்கள்.

'வா' தான் உயிர் காக்கும் சொல். ரோட்டுக்கு ஓடும்போது திரும்பி வருமா என்பது இப்போது நீங்கள் எப்படிப் பழக்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. 'வா' என்று கூப்பிட்டு ஒருநாளும் திட்டாதீர்கள். 'வா' என்று கூப்பிட்டுக் காது கழுவாதீர்கள், கூண்டில் அடைக்காதீர்கள். அதற்கெல்லாம் நீங்கள் போய்த் தூக்குங்கள். கூப்பிட்டு வந்தால் ஒவ்வொரு தடவையும் நல்லது மட்டுமே நடக்க வேண்டும், கடைசியாகச் செருப்பைக் கடித்துவிட்டு வந்திருந்தாலும் சரி.

பந்தை எடுக்கிறது, ஆனால் தராமல் ஓடுகிறது. இதற்குப் பெயர் ரெட்ரீவரா?

எடுத்து வருவது பிறவிக் குணம், கொடுப்பது நாம் கற்றுத்தருவது. நீங்கள் துரத்தினால் அதற்கு ஓட்டப்பந்தயம். பந்தைவிட அதுதான் சுவை.

ஒரு நடைபாதையைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு பக்கமும் சுவர், ஒரு முனையில் மூடிய கதவு. பழைய காலுறை ஒன்றை முடிச்சுப் போட்டு நாலடி தூரம் எறியுங்கள். குட்டி ஓடிக் கவ்வும், திரும்பும். வேறு வழி இல்லை, உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நீங்கள் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்திருங்கள், நேராகப் பார்க்காதீர்கள். மடிக்கு வந்ததும் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கழுத்தையும் நெஞ்சையும் தடவுங்கள். வாயில் பொருள் இருக்கும்போதே தடவ வேண்டும், அதுதான் முக்கியம். 'பிடுங்க வருகிறார்' என்ற சந்தேகம் அப்போதுதான் கரையும். சில நொடி கழித்து மூக்குக்குப் பக்கத்தில் தீனியைக் காட்டுங்கள். வாய் திறக்கும், காலுறை விழும், விழும்போது 'விடு' என்று சொல்லுங்கள். அப்புறம் காலுறையைத் திரும்ப அதனிடமே எறியுங்கள். கொடுத்தால் தொலைந்துபோகாது, திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த நாய் கையில் கொண்டுவந்து வைக்கும்.

மூன்று நான்கு தடவையோடு நிறுத்திவிடுங்கள், அதற்கு ஆசை மிச்சமிருக்கும்போதே. இதில் தேறியது நாளைக்கு உங்கள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனாலும் சண்டையில்லாமல் திருப்பித் தரும்.

'ரெண்டு அடி போட்டால்தான் அடங்கும்' என்கிறார்கள்.

அடங்கும், உண்மைதான், பயந்து. பயந்த நாய் உறுமுவதை நிறுத்திவிடும், கடிப்பதை நிறுத்தாது. எச்சரிக்கையில்லாமல் கடிக்கும் நாய்கள் பல அப்படித்தான் உருவாகின்றன. உங்களோடு வேலை செய்யவே பிறந்த ஒரு உயிரை அடிப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு தூரம் நடத்தலாம்? மாடிப்படி ஏறலாமா?

எலும்பின் முனைகள் வளர்ந்து மூடும்வரை, அதாவது ஒரு வயதுக்கு மேல் ஆகும்வரை, பைக் பின்னால் ஓடவிடுவதும் உயரத்திலிருந்து குதிக்கவிடுவதும் வேண்டாம். நார்வேயில் லேப்ரடார் உட்பட நான்கு பெரிய இனங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012-ல் வெளியானது. மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடு கூடுதலாகவும், மிருதுவான தரையில் கட்டில்லாமல் விளையாடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. ஆகவே படியில் தூக்கிக்கொள்ளுங்கள், மண்ணில் இஷ்டம்போல் விடுங்கள். வழுக்கும் டைல்ஸ் மேல் பழைய ஜமுக்காளம் விரித்துவிடுங்கள்.

வெயில் காலத்தை எப்படிச் சமாளிப்பது? மொட்டை அடித்துவிடலாமா?

மொட்டை அடிக்காதீர்கள். மேல்முடி வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட வெட்டினால் தோல் வெந்துபோகும். சீவி உள்முடியை எடுத்துவிட்டாலே காற்று போகும். நடைக்குப் போவது காலை ஆறரைக்குள், சாயங்காலம் இருட்டிய பிறகு. புறங்கையைத் தார்ரோட்டில் வைத்துப் பாருங்கள், ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

நாக்கு தொங்கி, மூச்சு இரைத்து, எச்சில் நூலாக ஒழுகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்குதல். அங்கேயே, அப்போதே உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறியைப் போடுங்கள். வழியெல்லாம் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். காரில் 'அஞ்சு நிமிஷம்தானே' என்று விட்டுப் போகவே வேண்டாம்.

உண்ணி, குளியல், காது?

குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும், நாய்க்கான ஷாம்பூவில். தொங்கும் காது என்பதால் குளித்ததும் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சீழ் வைத்து நாறும். உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணம். சாப்பாட்டு ராமனான லேப் ஒரு வேளை சாப்பிடவில்லை என்றாலே ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. தினமும் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். வளர்க்க முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை வீட்டில் யாருமே இல்லை என்றால் குட்டி வாங்காதீர்கள். இரண்டு மாதக் குட்டியை ஒரு சமயத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தனியே விட முடியாது. பெற்றோர் கூட இருக்கிறார்கள், நடுவில் வந்து பார்க்க நம்பிக்கையான ஆள் உண்டு, அல்லது ஒருவருக்கு வீட்டிலிருந்து வேலை என்றால் சரி. தனிமையைச் சின்னச் சின்னதாகப் பழக்குங்கள்: கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடம், அப்புறம் ஐந்து, அப்புறம் கடைக்குப் போய்வரும் நேரம்.

குட்டியின் பல் குழந்தை கையில் கீறிவிட்டது. ஊசி போட வேண்டுமா?

சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையமோ மருத்துவமனையோ போய்க் காட்டுங்கள். 'குட்டிதானே, ஒன்றும் ஆகாது' என்று விடாதீர்கள். மூன்று மாதம் ஆகாத, ஊசி போடாத குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம்; அந்த நோய் வந்தபின் மருந்து இல்லை. மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம்.

அபார்ட்மெண்டில் நாய் கூடாது என்கிறார்கள்.

பெரும்பான்மை ஓட்டுப் போட்டு வளர்ப்பு நாயைத் தடை செய்யக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே கையோடு உங்கள் கடமையும் இருக்கிறது: பொது இடத்தில் கயிறு, கழிவை அள்ள ஒரு பை, மாநகராட்சி உரிமம். சென்னையில் உரிமத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், தடுப்பூசி அட்டை கேட்பார்கள்.

கருத்தடை எப்போது?

கோல்டன்களை வைத்துக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தவற்றுக்கு மூட்டுப் பிரச்சினைகள் கூடுதலாக இருந்தன. அதனால் ஒரு வயது தாண்டட்டும். பெண் நாய்க்குக் கருப்பை சீழ் பிடிக்கும் ஆபத்தும் இருப்பதால் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

தீபாவளிக்கு என்ன செய்வது?

ஒரு மாதம் முன்பே பட்டாசுச் சத்தத்தைப் போனில் மிகக் குறைவாக வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடுங்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். அன்றைக்கு ஜன்னல் மூடி, ஃபேனும் டிவியும் ஓடட்டும், யாராவது கூடவே இருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் அந்த இரண்டு நாளில் அதிகம்.

எப்போதுதான் அமைதியாகும்?

இரண்டு வயது, சிலவற்றுக்கு மூன்று. ஏழெட்டு மாதத்தில் கற்றதெல்லாம் மறந்தது போல் நடக்கும், அது விடலைப் பருவம். 'வா' என்றால் காதே கேட்காது. கயிறை விடாமல், முதல் மாதப் பாடத்தையே திரும்ப நடத்துங்கள்.

ஊருக்குப் போகும்போது எங்கே விடுவது?

பொங்கல், கோடை விடுமுறைக்கெல்லாம் நாய் விடுதிகளில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். முன்கூட்டியே போய்ப் பாருங்கள், அங்கிருக்கும் நாய்களின் தண்ணீர்ப் பாத்திரத்தையும் தரையையும் கவனியுங்கள். தடுப்பூசி அட்டை கேட்காத விடுதியில் விடாதீர்கள். உங்களிடம் கேட்கவில்லை என்றால் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். நீண்ட பயணத்துக்கு முன் ஒரே ஒரு இரவு விட்டுப் பாருங்கள். வழக்கமான உணவு, நீங்கள் உடுத்திய துவைக்காத சட்டை ஒன்று, உங்கள் டாக்டரின் எண் மூன்றையும் கூடக் கொடுத்தனுப்புங்கள்.